நெக்ரோனமிகான்: நூல் வலிது, மந்திரம் மெலிது

திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் கற்பனை செய்த ‘நெக்ரோனமிகான்’ என்ற மாந்திரீக நூல், 1981இல் கேயோசியம் வெளியிட்ட ‘கால் ஆஃப் கதுலு’ ரோல்பிளேயிங் விளையாட்டில் அலங்காரப் பொருளாக வரவில்லை. அதைப் படிக்கலாம்; படித்தால் கெடலாம். சாண்டி பீட்டர்சன் வகுத்த ஆட்டத்தின் மேன்மை ஒரு கழித்தல் கணக்கில் இருக்கிறது. ஒரு பாத்திரத்தின் மனத்தெளிவுக்கு உச்சவரம்பு 99. கதுலு முதலான லவ்கிராஃப்டின் கோரத் தெய்வங்களைப் பற்றிய அறிவு எத்தனை புள்ளி ஏறுகிறதோ, அத்தனையும் அந்த வரம்பிலிருந்து கழிந்துவிடும். கோரத்தைக் கண்டு குலைந்த மனத்தைச் சிகிச்சையால் ஓரளவு தேற்றலாம். தெரிந்துகொண்டதால் தாழ்ந்த வரம்பு உயராது. அறிவதே அழிவு என்ற லவ்கிராஃப்டின் அச்சம் இங்கே அப்படியே விதியாகிவிட்டது. அபாரமான சாதனை இது.

மந்திரங்களுக்கு வரும்போது அந்தப் பிடி தளர்கிறது. ஒவ்வொன்றுக்கும் பெயர், பலன், செலவாகும் மந்திரப் புள்ளி, பறிபோகும் மனத்தெளிவு என்று விதிநூல் அகரவரிசையில் அடுக்கிவைக்கிறது. விலை தெரிந்துவிட்டால் ஆட்டக்காரர் அஞ்சுவதில்லை, கணக்குப் பார்க்கிறார். ‘எல்டர் சைன்’ மந்திரம் மனவலிமையையே நிரந்தரமாகக் கேட்கிறது. கடுமையான விலைதான், ஆனாலும் பேரம்.

லவ்கிராஃப்டிடமே மந்திரம் கருவிதானே என்று கேட்கலாம். 1929இல் வெளியான ‘தி டன்விச் ஹாரர்’ கதையில் நூலகர் ஆர்மிடேஜ் மந்திரம் சொல்லித்தான் கொடிய உயிரை ஒழிக்கிறார். மறுக்க முடியாது. ஆனால் அந்த ஒழிப்பு என்னை நடுங்கவைத்ததில்லை. தன்னிடமுள்ள சிதைந்த நெக்ரோனமிகான் பிரதியில் 751ஆம் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய சூத்திரத்தைத் தேடி, அதே கதையின் வில்பர் வேட்லி மிஸ்கடானிக் பல்கலைக்கழக நூலகத்துக்கு வரும் இடம்தான் நடுங்கவைக்கிறது. சூத்திரம் நம் கண்ணில் படுவதேயில்லை.

விளையாட்டின் 2014ஆம் ஆண்டு ஏழாம் பதிப்பு மந்திரங்களின் இந்தக் குறையையும், நூலைப் படிப்பதில் இருந்த ஒரு சிக்கலையும் உணர்ந்திருக்கிறது. நெக்ரோனமிகானின் லத்தீன் பிரதியை முழுதும் கற்க 66 வாரம் ஆகும். சில நாளில் முடியும் கதையில் யார் அதைப் படிப்பது? அதனால் மேலோட்டமான முதல் வாசிப்புக்கே சிறிது அறிவும் சேதமும் வைத்தார்கள். மந்திரங்களிலோ, ஒன்றை முதல்முறை பிரயோகிக்கும்போது அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்கிறது. தோற்றபின் வலிந்து முயன்றால் விளைவு பயங்கரம். மந்திரங்களுக்கு மாற்றுப் பெயர்களும் தந்தார்கள். எல்லாம் நல்ல திருத்தங்கள், போதாதவை. பலனும் விலையும் ஆட்டக்காரர் காதில் விழும்வரை பேரம் தொடரும். என் தீர்ப்பு இதுதான்: நூலைப் பற்றிய விதிகளை எழுத்துப் பிசகாமல் கைக்கொள்ள வேண்டும். மந்திரப் பட்டியலை ஆட்டத்தை நடத்தும் கீப்பர் மட்டுமே வைத்துக்கொண்டு, செலவு எவ்வளவு என்பதைப் பிரயோகம் முடிந்த பிறகே சொல்ல வேண்டும்.