கற்பகப் புகழுரையும் கருப்பநீர் இறக்குவோனும்

பொருளை விற்பதற்காக எழுதப்படும் உரைநடையும் திறனாய்வுக்கு உட்பட்டதே. இரசாயனம் கலவாதது, மண்ணைக் காப்பது, பூமியின் நலனையே குறிக்கோளாகக் கொண்டது என்று பானப் போத்தல்களின் மேல் அச்சிடப்படும் வாசகங்களை இன்று கதைகளையும் கவிதைகளையும் வாசிப்போரிலும் மிகப் பலர் வாசிக்கின்றனர். அவ்வாசகங்கள் எவரைச் சொல்லாது விடுகின்றன என்று நாம் வினவ வேண்டியுள்ளது.

அமெரிக்காவில் 1998இல் தோன்றிய 'ஹொனஸ்ட் டீ' என்னும் நிறுவனம், இனிப்புக் குறைந்த சேதனத் தேநீரைப் போத்தலில் அடைத்து விற்றது. சூழற் பாதுகாப்பையும் நியாய வணிகத்தையும் தன் கொள்கையாக அறிவித்தது. அதனைத் தொடங்கியோரின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆயினும் 2008இல் கொக்கா கோலா அதன் பங்குகளில் 40 சதவீதத்தை வாங்கிற்று. 2011இல் முழுவதையும் தனதாக்கிற்று. 2022இல் அத்தேநீரை நிறுத்துவதாக அறிவித்தது. கொள்கை போத்தலின் மேல் இருந்தது; முடிவு செய்யும் உரிமை மூலதனத்தின் கையில் இருந்தது.

இக்கணக்கை மன்னார்த் தீவின் மணலில் நிற்கும் பனையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஊன்றிய பனங்கொட்டை வடலியாகி, மரமாகிப் பாளை விடுவதற்கு 12 ஆண்டுகளுக்கு மேற் செல்லும். 1998இல் ஊன்றிய பனை முதற் பாளையை எதிர்நோக்கி நின்றிருக்கக்கூடிய வேளையில் அந்நிறுவனம் முற்றாகக் கைமாறிவிட்டது. உரமும் நீர்ப்பாசனமும் வேண்டாது, கரையோர மணலைப் பற்றி வளரும் இம்மரத்தின் கருப்பநீரினும் சேதனமான பானம் எது? அது கள்ளாகப் புளியாது காப்பது முட்டியின் உட்புறம் பூசிய சுண்ணாம்பே.

எனினும் நம்மவரின் புகழுரைகளும் குற்றமற்றவை அல்ல. 'தாலவிலாசம்' பனையின் 801 பயன்களைக் கூறுவதாகப் பெருமையோடு எடுத்துக்காட்டுவோர், காலையும் மாலையும் தளநாரோடு மரமேறும் சீவல் தொழிலாளியைப் பெரும்பாலும் மறந்தனர். மரத்தைக் கற்பகதரு என்று போற்றிய சமூகமே, மரமேறியவனைச் சாதியின் பெயரால் தாழ்த்திற்று. கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) போன்ற படைப்புகளே ஒடுக்கப்பட்டோரின் வாழ்வை நம் இலக்கியத்தின் நடுவே கொண்டுவந்தன. 1970களில் வடபகுதியில் தோன்றிய பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள், மரத்தின் பயனில் உழைப்பவனுக்கும் உரிமை தேட முனைந்தன.

ஆகவே, மன்னார்க் கருப்பநீர் போத்தலில் அடைபட்டு உலகச் சந்தையை அடையுமாயின் நாம் அதனை வரவேற்போம். ஆனால் அப்போத்தலின் வாசகத்தை அளக்க நமக்கு ஓர் அளவுகோல் உண்டு. ஏறுபவனுக்குக் கிடைக்கும் கூலி எவ்வளவு? தவறி விழுந்தால் அவன் குடும்பத்திற்கு என்ன பாதுகாப்பு? விலையை நிர்ணயிப்பதில் அவனுக்கு வாக்கு உண்டா? தறித்த பனைகளுக்கு ஈடாக எத்தனை விதைகள் ஊன்றப்பட்டன? இவ்வினாக்களுக்கு விடை கூறாத வாசகத்தை, அது எத்துணை அழகிய தமிழில் எழுதப்பட்டிருப்பினும், விளம்பரம் என்றே நாம் கொள்வோம்.