கரண்டியில் ஊற்றும் கச்சாயம்
சேலம், நாமக்கல் வட்டாரத்திலும் கொங்கு நாட்டின் பிற பகுதிகளிலும் தீபாவளிக்குச் சுடப்படும் கச்சாயம் என்பது, ஊறவைத்த பச்சரிசியை வெல்லத்தோடும் ஏலக்காயோடும் கெட்டியாக அரைத்து, கரண்டியால் எண்ணெயில் ஊற்றிச் செய்யும் பண்டமாகும். பாகு காய்ச்சி, மாவை ஓரிரு நாள் வைத்திருந்து, கையால் தட்டும் அதிரசத்தைவிட இது எளிது. ஆயினும் பதம் தப்பினால் மன்னிக்காது. வெல்லம் மிகுந்தால் மாவு எண்ணெயில் பிரிந்து பரவும். குறைந்தால் ஆறியபின் பல்லுக்கு வேலை வைக்கும். பல வீடுகளில் எழுதிவைக்கப்படாமல் பாட்டிமாரின் கைக்கணக்கிலேயே நின்றுவிட்ட இச்செய்முறையை மீட்க விரும்புவோர், படிக்கணக்கைக் காட்டிலும், மாவு கரண்டியிலிருந்து இட்லி மாவினும் சற்று இறுகி மடிந்து விழுகிறதா என்பதையே கவனிக்க வேண்டும். மிதமான தீயில் ஊற்றிய மாவு அடியில் சற்றே தங்கி, பின் மேலெழுந்து உப்பும்போது திருப்பிவிட்டு, ஓரம் செம்பழுப்பானதும் எடுத்து எண்ணெயை வடியவிட வேண்டும். சுடச்சுடத் தின்பதைவிட, வெல்லம் உள்ளே ஊறிய மறுநாள் கச்சாயமே சிறந்தது.