பல குரலும் ஒரு சொல்லும்

கிளிநொச்சி புனித திரேசாள் கோவிலாயினும் வவுனியா இறம்பைக்குளம் அந்தோனியார் கோவிலாயினும், வன்னியின் கத்தோலிக்க ஆலயங்களில் ஞாயிறு பூசைதோறும் ஒலிக்கும் தமிழ்க் கீதங்கள், 1963ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வாயில் திறந்ததனால் செழித்தவை. இலத்தீனைப் பொருளறியாது உச்சரித்த சனங்கள் தம் சொல்லிலேயே தேவனைத் துதிக்க நேர்ந்தது அற்ப லாபமன்று. ஆயினும் அதே சங்கம் விலக்காது விட்ட பழைய பலகுரல் இசையை நம் பாடகர் குழாங்கள் ஏறெடுத்தும் பாராதது ஒரு நஷ்டமே.

சொல் கேட்கவேண்டுமென்ற கவலை 16ஆம் நூற்றாண்டினர்க்கும் இருந்தது. சொல்லை மறைக்கிறதென்ற திரெந்துச் சங்கத்தின் கோபத்தினின்று பலகுரல் இசையை இசைஞர் பலஸ்திரினா தனியொருவராய் மீட்டார் என்பது பிற்காலத்தார் கட்டிய கதை. எனினும் 1567இல் அச்சேறிய அவரது ‘மார்செல்லுஸ் பாப்பரசர் பூசை’யில் அக்கவலைக்கு விடை உண்டு. இரக்கம் வேண்டும் சிறு மன்றாட்டில் குரல்கள் ஒன்றையொன்று தொடர்ந்து பின்னுகின்றன. நீண்ட விசுவாசப் பிரமாணம் வந்ததும், பெரும்பாலும் ஒரே அசையில் கூடிநின்று சொல்லைத் தெளிவிக்கின்றன. நம் காலத்து எஸ்தோனிய இசைஞரான ஆர்வோ பார்ட்டும் பழைய இசையைப் பயின்ற பின்னரே, 1982இல் முடித்த, கிறிஸ்துவின் பாடுகளைக் கூறும் இசையில், சொற்களின் அசையையும் நிறுத்தற்குறியையும் கொண்டு ஸ்வரங்களின் அளவை வகுத்தார்.

நம்மவரோ இராகத்தில் மெட்டமைத்து, அதன் கீழ் ஓர்கனின் சுருதிக்கூட்டை விரிக்கின்றனர். தோடியின் காந்தாரம் அசைந்தே உயிர்ப்பது. கட்டையை அழுத்தியதும் அது ஆணியறைந்தாற்போல் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு குரலும் தனித்தனியே ஒரு மெட்டாய் நடக்கும் பலஸ்திரினாவின் முறையே, மெட்டையே பிரதானமாய்க் கொண்ட நம் சங்கீதத்துக்கு அணுக்கமானதென்பது என் துணிபு. அதிலும் ஆபத்து இல்லாமலில்லை: ஒரு குரல் நெடிலில் நீளும்போது மற்றொன்று குறிலில் குறுக்கிட்டால் தமிழ்ச் சொல் சிதைந்துபோம். அதைத் தவிர்க்கும் வழியோ நம்மிடமே உண்டு. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகளின் பெயரால் வழங்கும் வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் ஒப்பாரிச் சாயலில் இழுத்து ஓதுவோர், தாளக்கட்டின்றிச் சொல்லின் மூச்சையே அளவாகக் கொள்கின்றனர். புதுக் கீதம் இயற்றுவோர்க்கு இதைவிட நல்ல பாடசாலை இல்லை.

பலகுரல் பாட்டுக்கு இங்கே தடையாய் நிற்பது ஸ்வரக் குறிப்பின்மை. நம் பாட்டுப் புத்தகங்கள் சொல்லை மட்டுமே அச்சிடுகின்றன. மெட்டோ செவிவழி வருவது. பலஸ்திரினாவின் அப்பூசைக்குரிய ஆறு குரலைச் செவியால் கற்பித்தல் அரிது. ஆனால் ஒரே மெட்டை இரு பிரிவினர் முன்பின்னாய்த் தொடங்கிப் பாடுதற்குத் தாளும் வேண்டா, ஓர்கனும் வேண்டா. இரு பிரிவும் பொருந்துமிடத்தை அறிந்து இயற்றவல்ல ஒருவர் இருந்தாற் போதும்.