எந்த நேரத்தில் பின்னுவது

பல கணினிகளில் பரவி ஓடும் மென்பொருளில் லாக் எழுதுவது, அனுமதி பார்ப்பது, கோரிக்கையின் தடத்தைக் குறிப்பது ஆகிய வேலைகள் எல்லாத் தொகுதிகளிலும் சிதறிக் கிடக்கும். அவற்றை ஓரிடத்தில் ‘ஆஸ்பெக்ட்’ ஆக எழுதி, வேண்டிய இடங்களில் கருவியே பின்னட்டும் என்று கிரெகர் கிக்சாலெஸும் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகச் சகாக்களும் 1997இல் முன்வைத்த யோசனை மிக அழகானது. எப்போது பின்னுகிறோம் என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது. ஜாவா சட்டகமான ஸ்பிரிங்கின் வழக்கமான முறையில், நிரல் ஓடும்போது பொருளுக்கு முன்னால் ஒரு பிராக்ஸி நின்று, வெளியிலிருந்து வரும் அழைப்பைப் பிடிக்கும். தனிக் கம்பைலர் தேவையில்லை; பல வேலைகளுக்கு அதுவே போதும். ஆனால் பொருள் தன் மெத்தடைத் தானே அழைத்தால் பிராக்ஸி அதை அறியாது. ஜாவாவில் ஆஸ்பெக்ட் எழுத உதவும் ஆஸ்பெக்ட்ஜே பைட்கோடுக்குள்ளேயே பின்னுவதால் அந்த உள் அழைப்பும் தப்பாது. பல சேவைகளைக் கடக்கும் கோரிக்கை எங்கே தாமதமானது என்று தேடுபவருக்கு இது பெரிய வேறுபாடு. வகுப்புகள் ஏற்றப்படும்போதே பைட்கோடை மாற்றித் தடம் குறிக்கும் ஓபன்டெலிமெட்ரியின் ஜாவா ஏஜென்ட்டிலும் இதே கைத்திறனைப் பார்க்கிறேன்.

நிரலைப் படிப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஓடுகிறதே என்ற ஆட்சேபம் நியாயமானது. எக்லிப்ஸ் நிரல் எடிட்டரில் ஆஸ்பெக்ட் தொடும் வரிகளைக் குறியிட்டுக் காட்டும் வசதி வந்தது. அது பாதி பதில்தான். மீதி, எதைப் பின்னுகிறோம் என்பதில் இருக்கிறது; எல்லாவற்றையும் மறைத்துவிட முடியாது. தொலை அழைப்பை உள் அழைப்பு போலக் காட்டுவது தவறு என்று சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜிம் வால்டோவும் சகாக்களும் 1994இலேயே வாதிட்டார்கள்: தாமதம் வேறு, பாதி மட்டும் பழுதாகும் ஆபத்து வேறு. தடம் குறிக்கும் ஆஸ்பெக்ட் தவறினால் பெரும்பாலும் ஒரு பதிவு குறையும். மறைவாக மறுமுயற்சி செய்யும் ஆஸ்பெக்ட் தவறினால் ஒரே பணம் இருமுறை கழியலாம். அந்த மறுமுயற்சியை நிரலில் வெளிப்படையாகவே எழுத வேண்டும்.