ஒரு மெஷின், நாலு அறை

'ஜோன் ஏசி' என்ற பேச்சு இப்போது சென்னையின் தனிவீடுகள்வரை வந்துவிட்டது. மொத்த வீட்டுக்கும் ஒரே பெரிய மெஷின். ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஓடும் டக்ட், அதன் ஒவ்வொரு கிளையிலும் மோட்டாரால் திறந்து மூடும் டேம்பர், அறைக்கு ஒரு தெர்மோஸ்டாட். ஆளில்லாத அறையின் டேம்பர் மூடிக்கொள்ளும், கரண்ட் மிச்சமாகும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் நியாயம் உண்டு. அங்கே பல வீடுகளில் குளிர்காலத்துக்காக ஃபர்னஸ் வைத்துச் சூடான காற்றை டக்ட் வழியே அனுப்பினார்கள். ஏசி பிறகு வந்து அதே டக்டில் குடியேறியது. தெர்மோஸ்டாட் கீழே ஹாலில் இருக்கும். கோடையில் ஹால் குளிர்ந்ததும் மெஷின் நின்றுவிட, மாடியில் படுத்தவர் வேர்த்துக் கிடப்பார். மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி ஜோன் என்பது அந்த நோய்க்கு நேரான மருந்து. டக்ட் ஏற்கெனவே இருப்பதால் டேம்பர் செலவோடு வேலை முடியும். நமக்கோ டக்டே புதுச்செலவு.

செலவை விடுங்கள். சிக்கல் மெஷினின் அளவில் இருக்கிறது. 1 டன் என்றால் மணிக்கு 12,000 பிடியூ வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அந்த வேகம்; மெஷினின் எடை என்று இன்னமும் நினைப்பவர்கள் உண்டு. இப்போது 4 டன் மெஷினிடம் ஒரு படுக்கையறை மட்டும் குளிர் கேட்கிறது. வேகம் மாறாத கம்ப்ரஸருக்கு 4 டன்னைத் தவிர வேறு கணக்குத் தெரியாது. அத்தனை காற்றும் ஒரு சின்னக் கிளையில் நுழையப் பார்க்கும். கிரில் விசிலடிக்கும். காயில் மேல் ஓடும் காற்று குறைந்து அதில் ஐஸ் கட்டும். இதற்குப் பரிகாரமாக 'பைபாஸ் டேம்பர்' வைப்பார்கள்: மிஞ்சிய குளிர்காற்று எந்த அறைக்கும் போகாமல் மெஷினுக்கே திரும்பும். காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றை மறுபடி குளிர்விப்பதை மிச்சம் என்று எப்படிச் சொல்வது?

கடலோர ஊரில் இன்னொரு தொல்லையும் சேரும். பெரிய மெஷின் சின்ன அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. அறை சில்லென்றிருக்கும், உடம்பு பிசுபிசுக்கும். ஏசி பிறந்ததே ஈரத்துக்காகத்தான்: 1902-இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காகப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த மெஷினின் வேலையே காற்றின் ஈரத்தை அடக்குவதுதான்.

டக்டின் கசிவும் சின்ன விஷயமில்லை. சாதாரண வீட்டின் டக்டில் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் ஓட்டைகளிலும் சரியாகச் சேராத இணைப்புகளிலும் வீணாகிறது என்கிறது அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் திட்டம். ஜோன் ஏசி போட்ட என் மைத்துனர் வீட்டு மாடியில் ஏணி போட்டு ஏறி, டக்ட் இணைப்புக்கருகில் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தேன். அலுமினிய டேப் ஓரம் உரிந்திருந்த இடத்தில் புகை படாரென்று விலகி ஓடியது. தலைக்கு ஒரு சாண் மேலே, பகலெல்லாம் வெயில் குடித்த தளம். மைத்துனர் பணம் கட்டிக் குளிர்வித்தது தளத்துக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவிலிருந்த அந்த இடைவெளியை.

டக்டே இல்லாத வழி ஒன்றும் உண்டு. 1982-இல் டைகின் கொண்டுவந்த விஆர்வி முறையில் ஒரே அவுட்டோரிலிருந்து செம்புக் குழாயில் கேஸ் ஓடும்; ஒவ்வொரு அறையும் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். கம்ப்ரஸரும் தேவைக்கேற்ப வேகம் குறையும். ஐந்தாறு அறை, அவுட்டோர்களை வரிசையாக மாட்ட இடமில்லாத வீடு என்றால் இதுவே சரி. விலை அதிகம், அவுட்டோரின் போர்டு போனால் வீடு முழுக்கப் புழுங்கும்.

அறைக்கு ஒரு ஸ்பிளிட் என்பதைப் பழைய பாணி என்று ஒதுக்குகிறார்கள். தனி கம்ப்ரஸர், தனி ரிமோட், சாத்திக்கொள்ள ஒரு கதவு: ஜோன் என்பது வேறென்ன? ஒன்று பழுதானால் அடுத்த அறையில் பாய் விரிக்கலாம். குறை இல்லாமலில்லை. குறுகலான ஷாஃப்ட்டில் நாலு அவுட்டோரை அடுக்கினால் ஒன்று விட்ட சூட்டை இன்னொன்று இழுக்கும். படிக்கட்டோடு திறந்து கிடக்கும் பெரிய ஹாலில் ஸ்பிளிட் திணறும்.

ஆகவே மூன்று படுக்கையறை ஃப்ளாட்டுக்கு இன்வெர்ட்டர் ஸ்பிளிட்களே போதும். பெரிய வீட்டுக்கு விஆர்வி வகை. டேம்பர் வைத்த டக்டை, புதிதாகக் கட்டுகிறவர் மட்டும், அதுவும் வேகம் மாறும் மெஷினோடு, பைபாஸ் இல்லாமல், அறைக்கொன்றாகச் சிதறடிக்காமல் இரண்டு மூன்று பெரிய ஜோன்களாகப் போட்டால் ஏற்கலாம்.

விற்க வருபவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு அறை மட்டும் ஓடினால் இந்த மெஷின் எத்தனை டன்னுக்கு இறங்கும்? என் மைத்துனர் கேட்கவில்லை. போன மாதம் படுக்கையறையில் 1 டன் ஸ்பிளிட் ஒன்றை மாட்டிவிட்டார். 4 டன் மெஷின் விருந்தாளிகள் வரும் நாளுக்காகக் காத்திருக்கிறது.