தோன்றா எழுவாய்

கோயில் திருப்பணி, பழங்கட்டடப் பாதுகாப்பு பற்றி வருகிற நூல்களையும் மலர்களையும் கொஞ்ச காலமாகத் தேடித்தேடி வாசிக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே நடைதான். சுண்ணாம்பை நீற்றினர், கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்தனர், சாந்தை அரைத்தனர். யாரு? எம்.ஏ.வில் பரீட்சைக்காக உருப்போட்ட 'தோன்றா எழுவாய்' என்ன வேலை செய்யும் என்பது இப்போதுதான் விளங்குகிறது. மன்னன் என்றால் எழுவாய் தோன்றிவிடும். ஸ்தபதி, உபயதாரர் எல்லாரும் தோன்றுவார்கள். சுண்ணாம்புக்கு வந்ததும் எழுவாய் காணாமல் போகும்.

அவர்கள் சொல்லும் விஷயம் தப்பில்லை. கோபுரத்தின் மேல்நிலைகள் பெரும்பாலும் செங்கலும் சுண்ணாம்பும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, செங்கல் பொடிந்து உதிரும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமெண்டுச் சூளைக்கு ஏறக்குறைய 1450 டிகிரி சூடு வேண்டும், சுண்ணாம்புக்கு 900 போதும். இறுகும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவையும் அது திரும்ப எடுத்துக்கொள்கிறது. கோயில் திருப்பணிகளைப் பற்றி 2017-ல் யுனெஸ்கோ அறிக்கை தந்தது. 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் தொன்மைச் சின்னங்களையும் கோயில்களையும் காக்க 75 உத்தரவுகள் போட்டது. நல்லது. பழையதைப் பழைய பொருளால்தான் காக்கணும்.

ஆனால் பொருள் தானாக வருமா?

எங்க பாட்டி இருபது வருஷத்துக்கு மேல காளவாயில் வேலை பார்த்தது. சுட்ட கல்லில் தண்ணியைத் தெளித்தால் அது கொதித்துப் பொங்கும், ஆவி முகத்தில் அடிக்கும். விரல் இடுக்கெல்லாம் வெந்துபோய், சோறு பிசையும்போது உப்புப் பட்டு எரியும். "சிமெண்டு வந்த பிறகுதாண்டி என் கை ஆறுச்சு" என்று சொல்லும். மரபை மெச்சி எழுதுகிற யாரும் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொன்னதாக நான் படித்ததில்லை. சிமெண்டு எங்களுக்குச் சூழல் கேடாக மட்டும் வரவில்லை, விடுதலையாகவும் வந்தது.

நீற்றறைக்குள் ஏழு நாள் இருந்த அப்பரைப் பெரியபுராணம் பாடுகிறது. நியாயம்தான், கொடுமை அது. இருபது வருஷம் இருந்தவளுக்கு?

1939 சூலை 8-ல் வைத்தியநாத அய்யர் கக்கன் உள்ளிட்டோரை அழைத்துப் போகும் வரை மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்ம காலுக்கு இடமில்லை. அந்தக் கோபுரச் சாந்தில் யார் கை கிடந்தது என்று நான் வாசித்த எந்த மலரும் கேட்கவில்லை.

போன வருஷம் ஒரு பழைய கட்டடத்தில் நடந்த சுண்ணாம்புப் பயிற்சிக்குப் போயிருந்தேன். (எந்த ஊர் என்பது வேண்டாம்.) சாந்து பதம் வந்துவிட்டதா என்று கரண்டியில் வழித்துப் பார்த்துச் சொன்னவர் அறுபது வயசுக்கார அம்மா. அவங்க சொன்னதைப் பொறியாளர் மைக்கில் திருப்பிச் சொன்னார், மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். சாயங்காலம் மாணவர்களுக்குச் சான்றிதழ். அம்மாவுக்கு நாள்கூலி, அதுவும் சித்தாள் கணக்கில். கையுறைகூடக் கிடையாது. பதம் பார்க்கிறது அறிவு இல்லையா என்று பொறியாளரிடம் கேட்டேன். "அது அனுபவம் மேடம்" என்றார்.

பிறகு வந்த மலரில் படம் போட்டிருந்தார்கள். மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு கை, நடுவில் சாந்து. அடியில் 'நம் முன்னோர் நுட்பம்' என்று எழுதியிருந்தது. அந்த அம்மா உயிரோடு இருக்காங்க.