பெயரை எழுதி வைத்த அன்பு

'ஊழியம்' என்ற சொல்லுக்கு மட்டக்களப்பில் இருவேறு வரலாறுகள் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் அது, குடிகள் செய்தே தீரவேண்டிய கட்டாய உழைப்பின் பெயர். பின்னர் வந்த புரட்டஸ்தாந்த சபையாரின் நாவில் அதுவே, இறைவனுக்கும் அயலானுக்கும் மனமுவந்து செய்யும் தொண்டின் பெயராயிற்று. அதிகாரம் பறித்த உழைப்பும் அன்பு ஈந்த உழைப்பும் ஒரே சொல்லில் உறைகின்றன. கிறிஸ்தவ அன்பைப் பற்றி இம்மண்ணில் எழுதப் புகுவோர் இவ்விரட்டைப் பொருளை மறத்தலாகாது. நம்மிடையே பெருகிவரும் நினைவு மலர்களும் புகழுரைகளும் அதனை மறந்துவிடுகின்றன என்பதே நாம் காணும் குறை.

இவ்வெழுத்துகளின் போக்கு யாவரும் அறிந்ததே. குருவானவர் கடல் கடந்து வந்தார், பள்ளி கட்டினார், ஏழைகளுக்கு இரங்கினார், இறைவனடி சேர்ந்தார். பெற்றுக்கொண்ட மக்களுக்கு அங்கே முகமில்லை. நீட்டிய கைகள் மட்டுமே உண்டு. அவர்கள் ஏன் ஏழைகளாயினர் என்ற வினாவும் எழுவதில்லை. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட், ஓராண்டு நிறையுமுன்னரே, 1815 ஏப்ரலில் இங்கு உயிர்நீத்தார். அத்தியாகம் மெய். அவர் வந்து சேர்ந்த நாடு பிரித்தானிய சாம்ராச்சியத்தின் உடைமையாய் இருந்ததும் மெய். பேர்பெற்ற கல்லூரிகள் நகரத்தில் எழுந்தன. வாவிக்கு மேற்கே படுவான்கரையில், போடியாரின் வயலில் உழைத்தவனின் பிள்ளைக்கோ அவை அக்கரைப் பச்சையாகவே இருந்தன. புனித மிக்கேல் கல்லூரியில் பயின்ற விபுலாநந்த அடிகளே பின்னர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். மிசன் கல்விக்கு இந்நாடு பட்ட கடனும், அக்கல்வியின் போதாமையும் இவ்வொரு செய்தியிலேயே விளங்கும்.

எனினும், மதம் மயக்க மருந்து என்று ஒரே வாக்கியத்தில் கணக்கை முடித்துவிடும் நண்பர்களோடும் நாம் உடன்படுவதற்கில்லை. அவ்வாக்கியம் விளக்கமுடியாத ஆண்டுகள் மட்டக்களப்பில் வந்தன. 1988 ஜூன் 6ஆம் நாள், பிரஜைகள் குழுவில் முன்னின்று உழைத்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் மரியாள் பேராலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொன்று குவிக்கப்பட்டனர். செப்டம்பர் 5ஆம் நாள், வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களுள் 158 பேரை இராணுவம் கொண்டுசென்றது; அவர்கள் திரும்பவில்லை. இவற்றுக்கிடையே, ஆகஸ்ட் 15ஆம் நாள், மாணவர்க்குக் கூடைப்பந்து பயிற்றிய அமெரிக்க இயேசுசபைத் துறவி யூஜின் ஹேபேர், வாழைச்சேனைக் கன்னியர் மடத்தாரின் பாதுகாப்பை நாடிச் சென்று மீளும் வழியில், உடன்சென்ற தமிழ் இளைஞனோடு காணாமற் போனார்.

நல்ல சமாரியன் கதையை நாம் அனைவரும் அறிவோம். வழியில் வீழ்ந்து கிடந்தவனுக்கு அக்கதையில் பெயரில்லை. அடித்துப் போட்ட கள்வருக்கும் பெயரில்லை. அன்பு செய்தற்குப் பெயர் வேண்டியதில்லை என்பது கதையின் அழகு. ஆனால் 1990இன் மட்டக்களப்பில் மனிதரைப் பெயரற்றவராக்குவதே கொலைஞரின் தொழிலாயிருந்தது. உடலில்லை, பதிவில்லை, கைது செய்ததாக ஒப்புதலுமில்லை. காயத்துக்கு எண்ணெய் வார்க்கும் அன்பு அங்கே போதாது, காயப்பட்டவனே காணப்படவில்லையே!

அந்நாளில் அன்புக்குப் புதியதொரு வேலையைக் கண்டவர் ஹரி மில்லர் அடிகளார். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சில் பிறந்து, 1948இல் இங்கு வந்து, புனித மிக்கேல் கல்லூரியில் ஆசிரியராகவும் அதிபராகவும் விளங்கிய இயேசுசபைத் துறவி அவர். மகனைத் தேடி வந்த தாயரை அமரச் செய்து, யார், எந்நாள், எவ்விடத்தில், யாரால் கொண்டுசெல்லப்பட்டான் என்று கேட்டு எழுதினார், அதிகாரிகளிடம் முறையிட்டார். தாயின் வாய்மொழியை மெய்யென நம்பி ஏட்டில் ஏற்றுவதே அங்கு விசுவாசம். அந்த ஏட்டோடு அதிகாரியின் வாயிலில் நிற்பதே ஊழியம்.

அவ்வேட்டினால் எத்தனைபேர் மீண்டனர் என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானது. பெரும்பாலோர் மீளவில்லை. ஆயினும், 'அப்படி ஒருவன் இருந்ததேயில்லை' என்று அதிகாரம் கூறுமிடத்து, 'இருந்தான். இன்ன தாயின் மகன். இன்ன நாளில் கொண்டுபோனீர்கள்' என்று மறுத்துரைக்கும் சாட்சியம் எஞ்சியது. நீதி என்றேனும் வருமாயின் அது காலூன்ற ஒரு நிலம் வேண்டும். அந்நிலத்தைப் பண்படுத்தியது இவ்வுழைப்பு.

நமது விமர்சனம் இங்கேதான் கூர்மையடைகிறது. மறைந்த துறவியரைப் பாடும் மலர்கள் அவரது புன்னகையைப் பாடுகின்றன. அவர் எழுதிய பெயர்களைப் பாடுவதில்லை. கொல்லப்பட்ட குருவைத் தியாகி என்கின்றன. கொன்றது ஏன் என்று வினவுவதில்லை. ஹேபேர் அடிகளாரை நினைவுகூர்ந்து, அவரோடு மறைந்த இளைஞனை 'உடன்சென்றவர்' என்று ஒரு சொல்லில் கடந்துவிடுகின்றன. தலைவரை உயர்த்தி மக்களை மறைக்கும் இவ்வெழுத்து, அத்துறவியர் வாழ்ந்த வாழ்வுக்கே மாறானது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் ஏறத்தாழ முப்பது பேர் மாண்டனர்; அவர்களுள் பலர் சிறுவர். மன்னிப்பு என்னும் சொல் அன்று எங்கும் ஒலித்தது. பிள்ளையை இழந்த தாய் மன்னிப்பாளாயின் அவளை நாம் வணங்குவோம். ஆனால் உண்மையை வெளியிடக் கடமைப்பட்ட அரசு அம்மன்னிப்பின் நிழலில் ஒதுங்குமாயின், அன்பு மீண்டும் கட்டாய ஊழியமாகிவிடும். துன்புற்றவனிடம் வசூலிக்கும் வரியாகிவிடும்.

வகுப்பறையில் நிற்கும் ஆசிரிய நண்பர்களும் அவர்முன் அமர்ந்திருக்கும் மாணவரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தங்கள் ஊரில் காணாமற் போனவரின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை, தமிழரென்றும் முஸ்லிமென்றும் பாராது, தெளிவான உரைநடையில் எழுதிவைக்க வேண்டும். அதைச் செய்யத் துறவு வேண்டியதில்லை, ஞானஸ்நானமும் வேண்டியதில்லை. கேட்கும் பொறுமையும், எழுதியதில் உறுதியாய் நிற்கும் நெஞ்சமும் போதும்.